எல்லாமே தெளிவா இருந்தா எதைப் பாக்கிறது?

"வைட் ஆங்கிள் லென்ஸ்ல ஃபோகஸ் பத்திக் கவலையே வேணாம் மாப்ள. அதுல எல்லாமே தெளிவாத்தான் வரும்."

சொன்னது என் ரூம்மேட். அந்த லென்ஸை எனக்கு வித்ததும் அவன்தான். ரெண்டாவது வரியைப் படிச்சதுமே உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியறதுக்கு ஒரு வாரம் ஆச்சு, ஒரு போட்டோவும் போச்சு. அந்தக் கதைதான் இது. நடுநடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்குங்க. பொட்டி தட்டுறவன் எதைத் தொட்டாலும் கடைசில எக்செல் ஷீட்லதான் போய் நிப்பான்.

எங்க அப்பாவுக்குக் கும்பகோணத்துல ஒரு அச்சகம். தாத்தா ஆரம்பிச்சது. அப்பா 1982-ல உள்ள வந்தார். அகலம் எட்டடி, நீளம் பதினெட்டடி, அவ்வளவுதான் கடை. ஒரு சுவர் முழுக்க மரக் கேஸ்கள், அதுல கட்டம் கட்டமா ஈய எழுத்துக்கள். கடைசியில ஒரு ட்ரெடில் மெஷின், காலால மிதிக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலின்னு ஊர்ல நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அந்த மெஷின் வழியாத்தான் போகும். அப்புறம் டிடிபி வந்துச்சு, ஆஃப்செட் வந்துச்சு. கையால எழுத்து கோக்கிற வேலை 2004-லயே நின்னு போச்சு. அதுக்கப்புறம் மெஷின் ஓடினது பில் புக்குக்கு நம்பர் போடவும், கிழிக்கிற இடத்துல புள்ளி குத்தவும்தான். இப்போ அதுக்கும் அப்பாவோட முட்டி ஒத்துழைக்கல. மெஷினைப் பழைய இரும்புக்கும், எழுத்தை ஈயமா கிலோ கணக்குலயும் குடுத்துடறதுன்னு முடிவாச்சு.

எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும்னு தோணுச்சு. முன்னால அப்பாவோட கை, கையில ஸ்டிக், ஸ்டிக்ல கோத்த எழுத்து. அதுக்குப் பின்னால அப்பா முகம். அதுக்கும் பின்னால மெஷின். மூணும் ஒரே படத்துல.

முதல்ல மொபைல்ல எடுத்துப் பாத்தேன். சாதாரணமா எடுத்தா எல்லாம் ஒரே தட்டையா, ஆதார் கார்டு ஜெராக்ஸ் மாதிரி வருது. போர்ட்ரெய்ட் மோடு போட்டா, பின்னணியை மங்கலாக்கறேன்னு சொல்லி எழுத்தோட ஓரத்தையும் ஸ்டிக்கோட விளிம்பையும் சேத்துக் கடிச்சு வச்சிடுது. அது மேல தப்பு சொல்ல முடியாது. போன் லென்ஸோட உண்மையான குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான். மங்கல் அதுக்கு இயல்பா பெருசா வராது, அதனால எது முன்னால எது பின்னாலன்னு ஊகிச்சு மங்கலைப் பூசுது. ஸ்டிக்ல இருக்கிற ஈய எழுத்தெல்லாம் அந்த ஊகத்துல மாட்டல.

எட்டடிக் கடையில சுவரோட ஒட்டி நின்னாலும் என் 50 மி.மீ. லென்ஸ்ல மூணும் அடங்காது. அதான் ரூம்மேட் கிட்ட இருந்து அந்த 11-16 மி.மீ., எஃப் 2.8 லென்ஸை வாங்கினேன். என் கேமரா ஏபிஎஸ்-சி சென்சார். சனிக்கிழமை காலைல கும்பகோணத்துல இறங்கினேன்.

அப்பா இருபது வருஷத்துக்கு மேல ஆன பிறகு கேஸ்ல கை வச்சார். என்ன கோக்கப் போறீங்கன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, விரல் பாட்டுக்கு "நிகழும் மங்களகரமான" கோத்துடுச்சு. வாழ்க்கையில அதிகமா கோத்த வரி அதுதானாம்.

நான் எஃப் 5.6, செகண்டுல 60-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 1600 வச்சு ஆட்டோ ஃபோகஸ்ல க்ளிக்கினேன். பின்னால இருக்கிற மூணு இன்ச் திரையில பாத்தா அட்டகாசம்.

"எழுத்து படிக்க முடியுதாடா?"ன்னு கேட்டார் அப்பா.

"சூப்பரா வந்திருக்குப்பா"ன்னேன். பெருசாக்கிப் பாக்கல.

அவர் எழுத்தையெல்லாம் திரும்ப அதோட அதோட கட்டத்துல போட்டுட்டார். ரெண்டு வாரத்துல ஈயமா உருகப் போற எழுத்து. இருந்தாலும் கலந்து போடக் கூடாதாம். தொழில் பழக்கம்.

ராத்திரி பஸ் பிடிச்சு சென்னை வந்து, ஞாயித்துக்கிழமை லேப்டாப்ல திறந்தேன். மெஷினுக்கு மேல தொங்கற காலண்டர்ல தேதி படிக்க முடியுது. சக்கரத்துல இருக்கிற துரு தெரியுது. அப்பா கையில இருக்கிற எழுத்து மட்டும் தண்ணில ஊறின பொரி மாதிரி இருக்கு. நான் எதுக்காகப் போனேனோ அது மட்டும் இல்ல.

ரூம்மேட்டை எழுப்பினேன். "எல்லாம் தெளிவா வரும்னியேடா?" "தூரத்துல இருக்கிறதைச் சொன்னேன்"னு போர்வையை இழுத்துக்கிட்டான்.

இரும்புக்காரர் வர்றது அதுக்கடுத்த திங்கள். நடுவுல ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு வாரம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கின நேரம் போக, மிச்ச நேரம் பூரா இதுதான் படிப்பு.

ரூம்ல சமையல் மேடையில தனியாத்தூள் டப்பாவை வச்சேன். அது அப்பாவோட கை. நடுவுல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அது அப்பா முகம். எதிர் சுவர்ல காஸ் ஏஜென்சி காலண்டர், அது மெஷின். தரையில தச்சர் டேப்பை விரிச்சுட்டேன். ரூம்மேட் நான் ஏதோ வாஸ்து பாக்கிறேன்னு நினைச்சிருப்பான்.

முதல் பாடம் டேப்லயே கிடைச்சது. லென்ஸ் மேல இருக்கிற தூர ஸ்கேல் சொல்ற கணக்கு முன் கண்ணாடியில இருந்து இல்ல, சென்சார்ல இருந்து. கேமரா மேல ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் போட்ட குறி இருக்கும் பாருங்க, அதுதான் சென்சார் இருக்கிற இடம். மலையைப் படம் எடுக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் ஒண்ணுமே இல்ல. முப்பது சென்டிமீட்டர்ல எடுக்கிறவனுக்கு இது பெரிய தூரம். அதனால ஸ்கேலை நம்பாம, எந்தத் தூரத்துல ஃபோகஸ் வேணுமோ அங்க ஒரு பொருளை நிக்க வச்சு, அதுல ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திடறதுன்னு முடிவு பண்ணினேன்.

அடுத்தது அடிப்படை. எந்த லென்ஸா இருந்தாலும் உண்மையில கூர்மையா விழறது ஒரே ஒரு தூரம்தான். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் சென்சார்ல ஒரு சின்ன வட்டமா விழும். அந்த வட்டம் ஒரு அளவுக்குள்ள இருந்தா நம்ம கண்ணுக்கு அதுவும் புள்ளிதான். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு அந்த அளவைச் சுமாரா 0.02 மி.மீ.ன்னு வச்சுக்கறாங்க. இந்த எல்லைக்குள்ள அடங்கற முன்பின் தூரத்தைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டுன்னு சொல்றது, தமிழ்ல புல ஆழம்.

அந்த வட்டத்தோட அளவை முடிவு பண்றதுல பெரிய பங்கு துவாரத்துக்கு. எஃப் எண்ணுங்கிறது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத்தூரத்தை எஃப் எண்ணால வகுத்தா துவாரத்தோட விட்டம். என் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8-ல இருந்தா துவாரம் கிட்டத்தட்ட 28 மி.மீ., பத்து ரூபா காசை விடக் கொஞ்சம் பெருசு. 11 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8-ல இருந்தா துவாரம் 4 மி.மீ. கூட இல்ல, துவரம்பருப்பு சைஸ். எஃப் எண்ணைப் பாத்தா ரெண்டும் ஏதோ பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி தெரியும். துவாரத்தைப் பாத்தா ஒண்ணு காசு, ஒண்ணு பருப்பு. வைட் ஆங்கிள்ல "எல்லாமே தெளிவா வரும்"ங்கிற பேரு வந்ததுக்கு இந்தப் பருப்புதான் காரணம்.

1932-ல கலிஃபோர்னியாவுல ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் எல்லாம் சேந்து ஆரம்பிச்ச குழுவுக்கு "குரூப் எஃப் 64"ன்னு பேர். படத்துல எல்லாமே கூர்மையா இருக்கணும்ங்கிறது அவங்க கட்சி. எஃப் 64-ன்னா என்னடா இவ்வளவு சின்ன ஓட்டைன்னு ஆச்சரியப்பட்டிருக்கேன். ஆனா அவங்க கேமரா பெருசு, லென்ஸும் நீளம். 300 மி.மீ. லென்ஸ்ல எஃப் 64-ன்னா துவாரம் 4.7 மி.மீ. நம்ம துவரம்பருப்பை விடப் பெருசு! அவங்க பாடுபட்டு எஃப் 64-க்குப் போய் பிடிச்ச இடத்துல என் லென்ஸ் எஃப் 2.8-லயே நிக்குது.

சரி, அப்போ என் போட்டோ ஏன் போச்சு? அதுக்கு எக்செல் வந்தது.

ஹைப்பர்ஃபோகல் தூரம்னு ஒண்ணு இருக்கு. அந்தத் தூரத்துல ஃபோகஸ் வச்சா, அதுல பாதித் தூரத்துல இருந்து முடிவிலி வரைக்கும் தெளிவு. கணக்கு சுலபம். குவியத்தூரத்தை அதாலயே பெருக்கி, எஃப் எண்ணாலயும் 0.02-ஆலயும் வகுத்து, குவியத்தூரத்தைக் கூட்டிடணும். 11 மி.மீ. லென்ஸுக்குப் போட்டா:

எஃப் 2.8-ல 2.17 மீட்டர். எஃப் 5.6-ல 1.09 மீட்டர். எஃப் 8-ல 77 செ.மீ. எஃப் 11-ல 56 செ.மீ.

ஒப்பிட, 50 மி.மீ. லென்ஸ் எஃப் 8-ல 15.7 மீட்டர். அதாவது வைட் ஆங்கிள்ல இது கையெட்டும் தூரம், 50-ல தெருக்கோடி.

இப்போ என் தப்பைப் பாருங்க. எஃப் 5.6-ல கேமரா ஃபோகஸ் பண்ணினது 3.5 மீட்டர்ல இருந்த மெஷின்ல. கணக்குப்படி 83 செ.மீ.க்கு அப்பால எல்லாம் தெளிவு. அப்பா கை இருந்தது 30 செ.மீ.ல. அங்க ஒவ்வொரு புள்ளியும் 0.066 மி.மீ. வட்டமா விழுந்திருக்கு, அனுமதிச்ச அளவுக்கு மூணு மடங்குக்கும் மேல. மூணு இன்ச் திரையில அது தெரியவே தெரியாது. லேப்டாப்ல தெரிஞ்சிடும். "எல்லாம் தெளிவு"ங்கிற வாக்கியத்துக்குக் கீழ சின்ன எழுத்துல "83 செ.மீ. வரை பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருந்திருக்கு. நான்தான் படிக்கல.

சரி, கையில ஃபோகஸ் வச்சா? 30 செ.மீ.ல வச்சு எஃப் 8 போட்டா 22-ல இருந்து 49 செ.மீ. வரைக்கும்தான் தெளிவு. முகமும் மெஷினும் வெளியே. எஃப் 2.8 போட்டா 26-ல இருந்து 35 செ.மீ. வரைக்கும். ஒன்பது செ.மீ. கூட இல்ல. வைட் ஆங்கிள்ல! கிட்டப் போகப் போக புல ஆழம் சுருங்குது, லென்ஸ் எதுவா இருந்தாலும். அப்பர்ச்சர் வளையத்தைத் திருகித் திருகி நான் பண்ண முடியாததை ஒரு அடி முன்னால போனா பண்ணிடலாம். வைட் ஆங்கிள்ல பெரிய வால்யூம் குமிழ் தூரம்தான்.

"ஃபோகஸுக்கு முன்னால ஒரு பங்கு, பின்னால ரெண்டு பங்கு தெளிவு"ன்னு ஒரு மனப்பாட விதி உண்டு. அதையும் ஷீட்ல போட்டுப் பாத்தேன். ஹைப்பர்ஃபோகல் தூரத்துல மூணுல ஒரு பங்குல ஃபோகஸ் வச்சா மட்டும்தான் அது சரி. ரொம்பக் கிட்ட வந்தா முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமம். ஹைப்பர்ஃபோகலுக்கே போயிட்டா பின்னால எல்லையே இல்ல.

அப்போ மூணும் தெளிவா வர ஒரே வழி, எஃப் 11 வச்சு 56 செ.மீ.ல ஃபோகஸ். கையிலயும் இல்ல, முகத்துலயும் இல்ல, மெஷின்லயும் இல்ல. நடுவுல வெறும் காத்துல! 28 செ.மீ.ல இருந்து எல்லாம் உள்ள வந்துடும். தனியாத்தூள் டப்பா, ஹார்லிக்ஸ், காலண்டர் மூணும் வந்துடுச்சு. எஃப் 22-க்குப் போனா இன்னும் பத்திரமாச்சேன்னு ஆசைப்பட்டேன். அங்க துவாரம் அரை மி.மீ. ஒளி அலை அதுக்குள்ள நுழையும்போதே விரிஞ்சிடும். அந்த விரிவு மட்டுமே 0.03 மி.மீ. வட்டம், நம்ம 0.02 எல்லையையே தாண்டிடுச்சு. எல்லாத்தையும் தெளிவாக்கப் போய் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மழுங்கிப் போகும். டப்பா மேல இருந்த எழுத்துலயே தெரிஞ்சது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடியும் பஸ். இந்தத் தடவை முக்காலி, டேப், ஃபார்முலா எழுதின துண்டுச்சீட்டு எல்லாத்தோடயும் போனேன்.

அப்பா ஒண்ணும் கேக்கல. "எழுத்து படிக்க முடியலையாக்கும்"னு மட்டும் சொன்னார். நான் அனுப்பாமயே இருந்ததுல புரிஞ்சிருக்கு.

முக்காலியை வச்சேன். 56 செ.மீ.ல ஒரு பில் புக்கை நிக்க வச்சு ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்தி, பில் புக்கை எடுத்துட்டேன். எஃப் 11. கடைக்குள்ள ஒரே ஒரு டியூப்லைட், அதே ஐஎஸ்ஓ. ஷட்டர் செகண்டுல 15-ல் ஒரு பங்குக்கு இறங்கிடுச்சு.

"அசையாம இருங்கப்பா."

அப்பா கல்யாண வீட்டு குரூப் போட்டோவுல நிக்கிற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். க்ளிக். லேப்டாப்ல போட்டு முழுசா பெருசாக்கினேன். எழுத்து தெளிவு, முகம் தெளிவு, மெஷின் தெளிவு. எக்செல் ஜெயிச்சிடுச்சு! பெருமையா அப்பா பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியை ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். "எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. காலண்டர் இருக்கு, ஒட்டடை இருக்கு, வாட்டர் கேன் இருக்கு, அந்த வயர் தொங்கறது இருக்கு. இதுல எதைப் பாக்கணும்?"

பதில் சொல்ல முடியல. உண்மையாவே கண்ணு எங்க போய் நிக்கிறதுன்னு தெரியாம சுத்துது. கேஸ்களுக்கு அடியில தாத்தா காலத்து 'ணை', 'லை' எழுத்து வச்சிருந்த ஒரு பழைய தட்டு உண்டு, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துல வேலை போனது. அது கூடத் தெளிவா இருக்கு. கடையை ஏலம் விடறதுக்கு எடுத்த படம் மாதிரி ஒரு சாமானும் விடாம இருக்கு. அப்பாவும் அதுல ஒரு சாமான்.

இதுவும் ஒரு கலைதான், தப்பா சொல்லல. 1941-ல வந்த சிட்டிசன் கேன் படத்துல க்ரெக் டோலண்ட் வைட் ஆங்கிள் வச்சு இதைத்தான் பண்ணினார். வீட்டுக்குள்ள பையனோட எதிர்காலத்துக்குக் கையெழுத்து நடக்கும், ஜன்னலுக்கு வெளியே பனியில அந்தப் பையன் ஒண்ணும் தெரியாம விளையாடிக்கிட்டு இருப்பான். ரெண்டும் தெளிவு. ஆனா அங்க ரெண்டையும் சேத்துப் பாக்கிறதுலதான் விஷயமே. அந்த ஃபிரேம்ல யாரும் வாட்டர் கேனை விட்டு வைக்கல. என் படத்துல தெளிவு இருந்தது, முடிவு இல்ல.

நான் இப்படி யோசிச்சுக்கிட்டு நிக்கும்போது அப்பா போஸ் குடுத்த அலுப்புல கேஸ் பக்கம் திரும்பிட்டார். இடது கையில ஸ்டிக், கட்டை விரல் கடைசி எழுத்தைத் தாங்குது, வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய்ப் போய் வருது. கண்ணு கேஸைப் பாக்கவே இல்ல. அசையாம இருங்கன்னு சொல்லி நான் நிறுத்தி வச்சிருந்தது இதைத்தான்!

அப்போதான் மண்டையில ஏறுச்சு. எஃப் 11 இலவசம் இல்ல. ஆழத்துக்கு விலையா நேரத்தைக் கேக்குது. செகண்டுல 15-ல் ஒரு பங்குல அந்தக் கை வெறும் கோடாத்தான் விழும். எஃப் 2.8-க்குத் திறந்தா 250-ல் ஒரு பங்கு கிடைக்கும், கை அப்படியே நிக்கும். ஆனா ஆழம் ஒன்பது செ.மீ. கூட இல்லை.

முக்காலியை மடக்கிட்டு கேஸ் ஸ்டாண்டு ஓரத்துல முழங்கையை ஊணிக்கிட்டேன். லைவ் வியூல ஸ்டிக்கைப் பெருசாக்கி, கோத்த எழுத்து மேல கையால ஃபோகஸ் வச்சேன். எஃப் 2.8. ஸ்டிக் கொஞ்சம் முன்ன பின்ன ஆடும்ங்கிறதால நாலு நாலா தட்டினேன். மொத்தம் நாப்பதுக்கு மேல இருக்கும். முகம் ஃபிரேமோட ஓரத்துக்குப் போகாம மட்டும் பாத்துக்கிட்டேன், வைட் ஆங்கிள் ஓரத்துல இருக்கிறதை இழுத்துடும்.

அதுல மூணுதான் தேறுச்சு. அதுல ஒண்ணு நான் கேட்ட படம்.

எழுத்து கூர்மையா, ஈயத்தோட பளபளப்போட இருக்கு. கட்டை விரல் நகத்துல மை தெரியுது. அதுக்குப் பின்னால அப்பா முகம் மெதுவா மங்குது, ஆனா கண்ணாடியும் குனிஞ்ச தலையும் அவர்தான்னு சொல்லுது. கடைசியில மெஷின், அதோட பெரிய சக்கரம். மங்கல்தான், ஆனா அது ட்ரெடில் மெஷின்னு பாத்ததும் தெரியும். வாட்டர் கேனும் வயரும் எங்கேயோ கரைஞ்சு போச்சு.

இங்கதான் வைட் ஆங்கிளோட குணம் எனக்குப் பிடிபட்டுச்சு. இதே ஸ்டிக்கை இதே அளவுல 50 மி.மீ. எஃப் 1.8-ல எடுத்தா பின்னணி மங்கல் பல மடங்கு பெருசா இருக்கும். மெஷின் இருந்த இடத்துல ஒரு கருப்புப் பஞ்சுதான் மிஞ்சும். அழகா இருக்கும், ஆனா அப்பா எந்தக் கடையில நிக்கிறார்னு தெரியாது. வைட் ஆங்கிள் மங்கலாக்கினாலும் இடத்தை அழிக்கல. இது கை, இது இருந்த இடம் அதுன்னு ரெண்டையும் சொல்லுது, முதல்ல எதுன்னும் சொல்லுது. லென்ஸ் பாட்டுக்கு எல்லாம் தெளிவா வரும்னு விட்டா வராது. எவ்வளவு தெளிவு, எங்கே தெளிவுன்னு நாமதான் சொல்லணும். சொல்லலைன்னா கேமரா காலண்டரைத்தான் தேர்ந்தெடுக்கும்.

லேப்டாப்பை மறுபடி அப்பா பக்கம் திருப்பினேன். எழுத்தெல்லாம் கண்ணாடி பிம்பமா திரும்பி இருக்கும் இல்லையா, எனக்கு ஒண்ணும் புரியாது. அப்பா ஸ்டிக்கையே பாக்கிற மாதிரி சரளமா படிச்சார். "நிகழும்..." அடுத்த சொல்லுல நின்னுட்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"அடச்சே. 'ள' போட வேண்டிய எடத்துல 'ல' போட்டிருக்கேன்டா."

போன வாரம் எழுத்தே தெரியாத போட்டோ. இந்த வாரம் ப்ரூஃப் பாக்கிற அளவுக்குத் தெளிவு. என் ஃபோகஸுக்கு இதை விட நல்ல சர்டிபிகேட் யார் தரப் போறாங்க!

"மங்கலம்னு எழுதினாலும் தமிழ்ல சரிதான்ப்பா"ன்னேன்.

"அது எனக்குத் தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு, ஸ்டிக்ல இருந்து அந்த 'ல'வை நெம்பி எடுத்தார். 'ள'வைப் போட்டு வரியைச் சரி பண்ணினார். யாருக்கும் அச்சடிக்கப் போறதில்ல. இருந்தாலும் சரி பண்ணினார். அதுக்கப்புறம் எல்லா எழுத்தையும் ஒவ்வொண்ணா அதோட அதோட கட்டத்துல போட்டார்.

"வேணும்னா திருத்தினதை இன்னொரு தடவை எடுக்கட்டுமாப்பா?"

"வேணாம் போ. அதுல நான் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்."

திங்கட்கிழமை இரும்புக்காரர் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டார். அந்தப் படம் இப்போ வீட்டுக் கூடத்துல தொங்குது, தப்பு எழுத்தோடயே. வர்றவங்க யாருக்கும் தெரியாது. அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை நின்னு அந்த 'ல'வைப் பாத்துட்டுப் போறாராம். அம்மா போன்ல சொன்னாங்க.

ரூம்மேட்டுக்கு லென்ஸ் காசுல பாக்கி ரெண்டாயிரம் தரணும். தந்துடலாம்னு இருக்கேன் :)